தோட்டம் என்னும் சொல்லும் பாரசீகப் பூங்காவும்

‘பூங்காவில் ஒரு நாள்’ என்னும் தலைப்பில் கட்டுரை எழுதாத மாணவர் நம் தமிழ்ப்பள்ளிகளில் இரார். அதனைத் திருத்தாத ஆசிரியரும் இரார். வண்ண மலர்கள் பூத்துக் குலுங்கின, வண்டுகள் ரீங்காரமிட்டன, தென்றல் தவழ்ந்தது, சிறுவர் ஊஞ்சலாடினர், மாலையில் மகிழ்ச்சியோடு வீடு திரும்பினோம். ஈப்போவின் டி. ஆர். சீனிவாசகம் பூங்காவைப் பற்றி எழுதினாலும், தைப்பிங் ஏரிப் பூங்காவைப் பற்றி எழுதினாலும் இக்கட்டுரை மாறுவதில்லை. ஊர்ப் பெயரை மட்டும் மாற்றினால் போதும்.

குறை மாணவரிடம் மட்டும் இருப்பதாக நான் கருதவில்லை. நம் பயண நூலாசிரியர் பலரும் ஆக்ராவிலோ காசுமீரத்திலோ ஒரு பழைய பூங்காவின் முன் நின்றால், ‘விண்ணுலகமே மண்ணுலகில் இறங்கியதோ’ என்று வியந்துவிட்டு அடுத்த ஊருக்குப் பேருந்து ஏறிவிடுகின்றனர். ஒரு வெண்பாவை ஆராயும்போது சீரும் தளையும் பார்க்கின்றோம். ஒரு சிறுகதையை ஆராயும்போது அதன் தொடக்கமும் முடிவும் எவ்வாறு பொருந்துகின்றன என்று கேட்கின்றோம். பூங்காவும் மனிதன் திட்டமிட்டுப் படைத்த ஒன்றுதான். அதனை மட்டும் ஏன் பூவால் அளந்துவிடுகின்றோம்?

பூங்காவை நீரால் அளக்க வேண்டும் என்பது என் கருத்து. நீர் எங்கிருந்து வருகின்றது, எவ்வாறு நடக்கின்றது, யார் உழைப்பால் வருகின்றது, இறுதியில் யாருக்குக் குளிர்ச்சி தருகின்றது என்னும் வினாக்களை எழுப்பினால் பூங்கா தன்னைத் தானே விளக்கத் தொடங்கும். இவ்வளவுகோலுக்கு முழுமையாக ஈடுகொடுக்கும் பூங்கா வகை பாரசீகர் வகுத்தது. அதனைப் பேராக் மாநிலத்துத் தமிழர் பிறரைவிடக் கூர்மையாகக் காண இயலும் என்றும் நம்புகின்றேன். காரணம் நம் மொழியிலேயே இருக்கின்றது.

நம் நாட்டுத் தமிழில் ‘தோட்டம்’ என்றால் பூ நினைவிற்கு வருவதில்லை. ரப்பர் மரம் வருகின்றது. ‘அவர் தோட்டத்துப் பிள்ளை’ என்றால் மலர்களிடையே வளர்ந்தவர் என்பது பொருளன்று. மலாய் மொழியில் பூங்காவைக் குறிக்கும் ‘தாமான்’ என்னும் சொல்லோ நம் நாவில் வீடமைப்புப் பகுதியைக் குறிக்கின்றது. ‘நாங்கள் தோட்டத்தை விட்டுத் தாமானுக்குக் குடிவந்தோம்’ என்று நம்மவர் ஒருவர் கூறக் கேட்டால், தமிழ்நாட்டு நண்பர் அவரை ஒரு பூங்காவினின்று மற்றொரு பூங்காவிற்குச் சென்ற பெருஞ்செல்வர் என்று எண்ணக்கூடும். லயத்தையும் பெரட்டுக்களத்தையும் விட்டு, கைந்நிறையக் கடனோடு ஈரறை வீட்டிற்கு வந்த கதை அச்சொற்களுக்குள் ஒளிந்திருப்பது அவருக்கு எவ்வாறு தெரியும்?

இத்தனைக்கும் நம் நாட்டு ரப்பர் வரலாற்றின் தொடக்கத்தில் ஓர் உண்மையான பூந்தோட்டம் உண்டு. 1877 ஆம் ஆண்டில் கியூ தாவரவியற் பூங்கா வழியாக இலங்கையையும் பின்னர்ச் சிங்கப்பூரையும் வந்தடைந்த கன்றுகளுட் சில கோலகங்சாருக்கு வந்தன. பேராக்கின் ஆங்கில ரெசிடெண்டாயிருந்த ஹியூ லோ அவற்றைத் தம் மாளிகைத் தோட்டத்தில் நட்டார். புதிய செடிகளை நட்டுப் பார்க்கும் ஆர்வமுடைய ஒருவரின் தோட்டத்தில் அலங்கார மரங்களோடு அந்த மரமும் நின்றது. அம்மரத்தின் வழித்தோன்றல்கள் காடழித்த நிலங்களில் நிரை நிரையாக நின்றபோது ‘தோட்டம்’ என்னும் சொல் உடன் சென்றது. பூ மட்டும் வழியில் நின்றுவிட்டது.

பாரசீகச் சொல்லின் வரலாறு இதற்கு நேர்மாறானது. பழைய ஈரானிய மொழியில் ‘பைரிதைசா’ என்றால் சுற்றிலும் சுவர் எழுப்பிய இடம் என்பதே பொருள். அதில் பூவும் இல்லை, மரமும் இல்லை. சுவர் மட்டுமே உண்டு. கிரேக்கர் அதனைத் தம் மொழியிற் கொண்டனர். அங்கிருந்து ஐரோப்பிய மொழிகளுக்குச் சென்று ‘பாரடைஸ்’ ஆயிற்று. அரபு மொழியில் ‘பிர்தௌஸ்’ என்றாகி, தமிழ் முசுலிம்கள் நாவிலும் மலாய் மக்கள் நாவிலும் சுவர்க்கத்தின் பெயராக வழங்குகின்றது. வெறுஞ்சுவரைக் குறித்த சொல் சுவர்க்கமாக உயர்ந்தது. பூவைக் குறித்த நம் சொல் கூலிக்காடாக இறங்கியது. சுவருக்குள் பாரசீகர் எதனை வைத்தனர் என்று காண்பதற்கு இதுவே போதிய தூண்டுகோலாகும்.

ஈரான் வரை செல்லும் வாய்ப்பு நம்மிற் பலருக்கு எளிதிற் கிட்டுவதன்று. ஆனால் தில்லிக்குச் செல்வோர் பலர். அங்கே ஹுமாயூன் கல்லறையைச் சூழ்ந்துள்ள பூங்கா, பாரசீக இலக்கணத்தை இந்திய மண்ணில் பெருமளவில் எழுதிப்பார்த்த முதன்மையான படைப்பு. ஹுமாயூன் அரசிழந்து 1544 இல் பாரசீக மன்னர் தமாஸ்பிடம் அடைக்கலம் புகுந்தவர். 1555 இல் தில்லியை மீட்டார். மறு ஆண்டே மறைந்தார். அவருடைய மனைவியார் ஹாஜி பேகம் முன்னின்று எழுப்பிய இக்கல்லறையை வகுத்தவர் மீராக் மிர்சா கியாஸ் என்னும் பாரசீகக் கட்டடக் கலைஞர். 1560களில் தொடங்கிய பணி 1570களின் தொடக்கத்தில் நிறைவெய்தியது.

இங்கு வருவோர் பெரும்பாலும் வாயிலைக் கடந்தவுடன் தலையை நிமிர்த்திக் குவிமாடத்தைப் பார்க்கின்றனர், படம் எடுக்கின்றனர், நேரே நடக்கின்றனர். நானும் முதன்முறை அவ்வாறே நடந்தேன். திரும்பி வருகையிலேதான் காலடியிற் பார்த்தேன். நடைபாதையின் நடுவே ஒரு சிறுவன் தாண்டிவிடக்கூடிய ஒடுங்கிய வாய்க்கால். அதில் ஆழமில்லாத நீர். அது ஓடுகின்றதா, நிற்கின்றதா என்று அறிய ஓர் உலர்ந்த இலை மிதந்து வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இலை நகர்ந்தது. அந்நேரம் முதல் குவிமாடம் எனக்கு இரண்டாம் பொருளாயிற்று.

அந்த இலை நகர்ந்ததற்குக் காரணம் நிலத்தின் சரிவு. 40 மீட்டர் நீளத்திற்கு 1 சென்டிமீட்டர் என்னும் அளவில் அவ்வாய்க்கால்கள் சரிந்து செல்கின்றன. நம் பள்ளி வகுப்பறை ஒன்றின் நீளம் 10 மீட்டர் என்று கொண்டால், நான்கு வகுப்பறைகளைத் தொடர்ந்து அடுக்கினாலும் ஒரு விரலகலச் சரிவு வாராது. சற்றுக் கூடினால் நீர் விரைந்தோடி ஒரு புறம் வறண்டுவிடும். சற்றுக் குறைந்தால் தேங்கிப் பாசி பிடிக்கும். இரண்டிற்கும் இடையில் நீரை நடக்க வைத்திருக்கின்றனர். எந்த இயந்திரமும் அதனைத் தள்ளவில்லை. யாப்பில் ஓசை கெடாமல் சீர் அமைப்பது எத்தகைய வேலையோ அத்தகைய வேலை இது. வல்லவன் செய்தால் உழைப்புக் கண்ணிற்குத் தோன்றுவதில்லை.

இனி முழு அமைப்பையும் நோக்குவோம். சுவர் சூழ்ந்த சதுர நிலம், நடுவே கல்லறை. நான்கு திசையிலும் செல்லும் வாய்க்கால்களும் நடைபாதைகளும் நிலத்தை நான்கு பெரும் பகுதிகளாக்குகின்றன. ‘சார் பாக்’ என்றால் நான்கு தோட்டம் என்பதே பொருள். ஒவ்வொரு பகுதியும் மேலும் ஒன்பதாகப் பிரிந்து மொத்தம் 36 கட்டங்கள் ஆகின்றன. வாய்க்கால்கள் ஒன்றையொன்று வெட்டும் இடங்களில் சிறு தொட்டிகள் உள்ளன. நேரே ஓடிவரும் நீர் கல்லறை மேடையின் அடியிற் புகுந்து மறைந்து, மறுபுறம் அதே நேர்க்கோட்டில் வெளிப்படுவது போன்ற தோற்றம். இறந்தவன் கதை அவ்வாறுதான் தொடரும் என்று அதனைக் கட்டியவர் நம்பினர் போலும். சொல் ஒன்றும் செதுக்காமல் நீரைக் கொண்டே அந்நம்பிக்கையைச் சொல்லிவிட்டனர். இத்தகைய குறிப்புப் பொருளை நம் இலக்கணத்தார் இறைச்சி என்றோ உள்ளுறை என்றோ கொள்வரா என மாணவர் வாதிட்டுப் பார்க்கலாம்.

நான்கு என்னும் எண்ணிற்கும் பொருள் உண்டு. நீர், பால், மது, தேன் என நால்வகை ஆறுகள் சுவர்க்கத்தில் ஓடும் என்பது திருக்குர்ஆன் கூறும் செய்தி. இதனைப் படிக்கும் தோட்டத்துத் தமிழர் ஒரு கணம் சிரிக்காமல் இருக்க இயலாது. நம் தோட்டத்திலும் பால் ஓடியது; அது மரத்திலிருந்து மங்கில் வடிந்த பால். மதுவிற்குக் கள்ளுக்கடையைத் துரைமாரே திறந்து வைத்திருந்தனர்!

இப்பூங்கா பட்ட பாட்டையும் சொல்லவேண்டும். பேரரசு தளர்ந்த பின்னர்ச் சுவருக்குள் குடியேறிய மக்கள் முட்டைக்கோசும் புகையிலையும் பயிரிட்டனர். 1860 அளவில் ஆங்கிலேயர் சதுரத் தொட்டிகளை நீக்கி வட்டப் பூம்பாத்திகளை அமைத்தனர். கர்சன் பிரபு காலத்தில், 1903 முதல் 1909 வரை, பழைய அமைப்பை மீட்க முயன்றனர். 1947 இல் நாடு பிரிந்தபோது ஏதிலிகள் ஆயிரக்கணக்கில் இங்குத் தங்கினர். 1993 இல் உலக மரபுச் சின்னமாயிற்று. 1997 முதல் 2003 வரை ஆகாகான் பண்பாட்டு அறக்கட்டளையும் இந்தியத் தொல்லியல் துறையும் சேர்ந்து வாய்க்கால்களைச் செப்பனிட்டு நீரை மீண்டும் ஓடச் செய்தன. மா, எலுமிச்சை, வேம்பு, செம்பருத்தி, மல்லிகை முதலியவற்றை நட்டன.

இவற்றுள் முட்டைக்கோசை நான் பழிக்கமாட்டேன், பசித்தவர் நட்டது. ஏதிலிகளையும் பழிக்க இயலாது. அரசனுக்கு எழுப்பிய சுவர் ஒருமுறையேனும் ஏழையைக் காத்தது. ஆனால் ஆங்கிலேயரின் வட்டப் பாத்தி உண்மையான பிழை. வட்டம் அழகில்லாத வடிவம் என்பதனாலன்று. நீர் சேர வேண்டிய இடத்தில் பூவை வைத்தமையால் வாய்க்கால்களுக்குச் சென்றடைய இடமில்லாமற் போயிற்று. ஈற்றுச்சீரை எடுத்துவிட்டு அவ்விடத்தில் ஒரு வண்ணப்படத்தை ஒட்டியது போன்ற செயல் அது. பூவால் பூங்காவை அளப்போர் செய்யும் பிழையும் இதுதான்.

இவ்விலக்கணம் பிறந்த நாட்டிற்கு இனிச் செல்வோம். கி.மு. 6 ஆம் நூற்றாண்டில் சைரசு மன்னர் பசர்கடேயில் அமைத்த அரண்மனைத் தோட்டத்தின் கல் வாய்க்கால்களை அகழ்வாய்வாளர் கண்டறிந்துள்ளனர். இடையிடையே சிறு தொட்டிகள் கொண்ட அவ்வாய்க்கால்களுக்கும் தில்லி வாய்க்கால்களுக்கும் இடையே இரண்டாயிரம் ஆண்டிற்கு மேற்பட்ட தொலைவு. ஆயினும் உறவு விளங்குகின்றது. 2011 இல் யுனெஸ்கோ பாரசீகப் பூங்கா என்னும் ஒரே தலைப்பின்கீழ் ஈரானின் ஒன்பது பூங்காக்களை உலக மரபுப் பட்டியலிற் சேர்த்தது. காசான் நகரத்துப் பின் பூங்காவில் ஊற்றுநீர் நீலநிற ஓடு பதித்த வாய்க்கால்களில் ஓடி, உயரத்திலிருந்து இறங்கும் அழுத்தத்தாலேயே நீர்த்தூம்புகளாக எழும்புகின்றது. யாஸ்து நகரத்துத் தௌலதாபாத் பூங்காவில் 33 மீட்டர் உயரமுள்ள காற்றுக் கோபுரம் நின்று காற்றைப் பிடித்துக் கீழே இறக்குகின்றது. இசுபகானின் ‘நாற்பது தூண்’ மாளிகையிற் தூண்கள் இருபதே. எதிரிலுள்ள குளத்து நீர் மற்ற இருபதையும் தருகின்றது. கணக்கில் இவ்வளவு நகைச்சுவை உடைய கட்டடம் வேறொன்றை நான் அறியேன்.

இவற்றுள் என் மனத்தைக் கவர்ந்து நிற்பது கெர்மான் பகுதியில் மாகான் ஊரருகே உள்ள இளவரசர் தோட்டம். வான்வழியே எடுத்த அதன் படத்தைக் கண்டவர் மறத்தல் அரிது. எங்கும் பழுப்பு நிறப் பாலை; நடுவே நீண்ட சதுரமாக ஒரு பச்சை; கத்தியால் வெட்டியது போன்ற விளிம்பு. சுவருக்கு அப்பால் ஒரு முழத்தில் புல் இல்லை. உள்ளே படிப்படியாக இறங்கும் தளங்களில் நீர் அருவியாக வீழ்ந்து வருகின்றது. இருபுறமும் உயர்ந்த மரங்கள். அப்படத்தைப் பார்த்த பிறகே ‘பைரிதைசா’ என்னும் சொல் சுவரை ஏன் முதன்மையாகக் குறித்தது என்பது விளங்கும். மணற்காற்றைத் தடுக்கச் சுவர், நிழலைத் தேக்கச் சுவர், ஈரம் வெளியேறாமல் காக்கச் சுவர்.

அப்பாலையில் நீர் ஏது? ஈண்டுத்தான் பயண நூல்கள் பெரும்பாலும் வாய்மூடிவிடுகின்றன. மலையடிவாரத்தில் ஆழ்கிணறு தோண்டி நிலத்தடி நீரைக் கண்டு, அங்கிருந்து ஊர் வரையில் பல கிலோமீட்டர் தொலைவிற்கு மண்ணிற்கு அடியிலேயே மெல்லிய சரிவில் சுரங்கம் குடைந்து நீரைக் கொண்டுவந்தனர். ‘கனாத்து’ என்பது அதன் பெயர். மண்ணை வெளியேற்றவும் காற்றைச் செலுத்தவும் வழிநெடுகச் செங்குத்தான குழிகள் உண்டு. சுரங்கம் குடைவோர் ‘முகன்னி’ எனப்பட்டனர். தந்தையிடமிருந்து மகன் கற்ற தொழில். விளக்கின் சிற்றொளியிற் குனிந்து மண் வெட்டினர். மண் சரிந்து மாண்டவரும் உண்டு. இத்தகைய கனாத்துகளுள் பதினொன்றை 2016 இல் யுனெஸ்கோ தனியே பட்டியலிற் சேர்த்தது. பூங்காக்களுக்கு ஐந்தாண்டு பின்னர். மேலே தெரிவதற்கு முதலிற் பெருமை, கீழே இருப்பதற்குப் பிறகு என்பது உலக வழக்குப் போலும்.

மன்னர் பெயரும் இளவரசர் பெயரும் பூங்காவிற்கு உண்டு. முகன்னியின் பெயரைத் தாங்கிய பூங்கா ஒன்றும் அப்பட்டியலில் இல்லை. பாரசீகப் பூங்காவைப் புகழ்வோர் இதனையும் சேர்த்தே புகழ்தல் வேண்டும். பாபர் தம் நினைவுக் குறிப்புகளில் இந்துத்தானத்துத் தோட்டங்களில் ஓடும் நீர் இல்லை என்று வருந்தினார். ஆக்ராவில் தாமே தோட்டம் அமைத்தார். ஓடுகின்ற நீருக்குக் கிணற்றிலிருந்து இறைப்போர் தேவைப்பட்டனர். (பாபர் காவிரியைக் கண்டவரல்லர், கண்டிருந்தால் அக்குறிப்பை வேறு வகையாக எழுதியிருப்பார்.)

நம் முன்னோர்க்கு இக்கலை தெரியாது என்று எண்ணிவிடல் கூடாது. கா, பொழில், சோலை, தண்டலை என்று வகைவகையாகப் பெயரிட்டவர் அவர். மணிமேகலை கூறும் புகார் நகரத்துச் சோலைகளுள் இலவந்திகை ஒன்று. எந்திர வாவியைச் சூழ்ந்த சோலை என்று உரைகாரர் பொருள் உரைப்பர். உவவனத்திலோ உருவத்தை வெளியே காட்டி ஓசையை உள்ளே அடக்கும் பளிங்கு மண்டபம் இருந்தது. மணிமேகலை அதனுட் புகுந்தே உதயகுமரனிடமிருந்து ஒளிந்தாள். காவியப் புலவர் பூவைச் சொல்லி நிறுத்தவில்லை. பூங்காவின் அமைப்பைக் கதையின் திருப்பமாகவே ஆக்கினார். பாடத்தில் இப்பகுதியை நடத்தும் நாமோ பூக்களின் பெயரை மனப்பாடம் செய்வித்துவிட்டு மண்டபத்தைக் கடந்துவிடுகின்றோம்.

இப்பொழுது நம் பேராக்கிற்குத் திரும்புவோம். பாரசீகப் பூங்காவும் நேர்க்கோடு. ரப்பர்க் காடும் நேர்க்கோடு. சமநிலத்தில் நூல் பிடித்து நிரை வகுத்தனர். மேட்டு நிலத்தில் குன்றின் வளைவை ஒட்டிப் படி வெட்டினர். ஒரு நிரையின் தலைப்பில் நின்றால் மறுகோடி வரை தெரியும். யார் எந்த மரத்தடியில் நிற்கின்றார் என்பதும் தெரியும். அங்கு நேர்க்கோடு கண்ணிற்கு விருந்தாக வகுக்கப்பட்டதன்று. கங்காணியின் பார்வைக்கும் கிராணியின் கணக்கிற்கும் வகுக்கப்பட்டது. பாரசீகத்து நேர்க்கோட்டின் முடிவில் அமர்வதற்கு ஒரு மேடை உண்டு. நிரையின் முடிவில் அடுத்த நிரை உண்டு. இருட்டோடு எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, மரத்திற்கு மரம் குனிந்து வெட்டிய நம் பெற்றோர் அந்நிழலில் அமர்ந்தார் அல்லர். நிழல் இருந்தது, நேரம் இல்லை.

நீரை நோக்கினால் வேறுபாடு இன்னும் தெளிவாகும். யாஸ்து நகரில் ஓராண்டு முழுதும் பெய்யும் மழை ஏறத்தாழ 60 மில்லிமீட்டர். தைப்பிங்கில் ஏறத்தாழ 4,000. அங்கே ஒவ்வொரு துளியையும் உள்ளே கொண்டுவருவது கலை. இங்கே மிகுந்த நீரை வெளியேற்றுவது கலை. அவர்களுடையது வாய்க்கால், நம்முடையது வடிகால். ஆகவே பாரசீகப் பூங்காவை அப்படியே பெயர்த்துப் பேராக்கில் நடுதல் பொருளற்ற செயலாகும். வடிவத்தை மட்டும் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம்மிடமே சான்றுகள் உள்ளன.

பத்து காஜா அருகே உள்ள கெல்லி மாளிகை அவற்றுள் ஒன்று. 1890 இல் மலாயா வந்த ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் கெல்லி சுமித் தம் கிந்தா கெல்லாஸ் ரப்பர்த் தோட்டத்தில் 1915 இல் எழுப்பத் தொடங்கியது. மூர் பாணி வளைவுச் சாளரங்கள், இந்தியாவிலிருந்து செங்கல்லும் பளிங்கும், தமிழ்நாட்டிலிருந்து கொத்தர். 1918 இல் பரவிய கொள்ளைக் காய்ச்சலில் தொழிலாளர் பலர் மாண்டனர். எஞ்சியோர் வேண்டுகோளின்படி அருகே மாரியம்மன் கோயில் எழும்பியது. அக்கோயில் முகட்டில் தெய்வ உருவங்களிடையே துரையின் உருவமும் நிற்கின்றது. 1926 இல் அவர் லிஸ்பன் நகரில் இறக்க, மாளிகை முற்றுப்பெறாமலே நின்றுவிட்டது. வளைவுகள் அழகியவை, மறுக்கவில்லை. ஆனால் அவ்வளைவுகள் தாம் பிறந்த நாட்டில் நீர் நிறைந்த முற்றத்தை நோக்கித் திறப்பவை. இங்கே அவை நோக்கித் திறந்தது ரப்பர் நிரைகளை. ராயா ஆறு மாளிகையின் முன்னேயே ஓடுகின்றது. எனினும் அதனை உள்ளே அழைக்க யாரும் எண்ணவில்லை. ஈப்போ இரயில் நிலையத்தின் வெண்ணிறக் குவிமாடங்களும் இவ்வினத்தனவே. ஹபக் என்னும் கட்டடக் கலைஞர் வரைந்த அந்நிலையத்திற்கு நம் மக்கள் ‘ஈப்போவின் தாஜ்மகால்’ என்று செல்லப்பெயர் இட்டனர். நீண்ட தாழ்வாரம் மழைக்கு ஏற்றது என்பதனால் அதனை நான் மன்னித்துவிடுவேன்.

தைப்பிங் ஏரிப் பூங்காவோ வேறு. ஈயம் தோண்டிக் கைவிட்ட பள்ளங்களை 1880 முதல் ஏரிகளாக்கிய இடம் அது. அங்குச் சதுரம் இல்லை, நேர்க்கோடு இல்லை, சுவரும் இல்லை. தூங்குமூஞ்சி மரங்கள் சாலையைக் கடந்து கிளை நீட்டி நீரைத் தொடுகின்றன. பாரசீகர் இதனைப் பூங்கா என்றே ஒப்பமாட்டார் என்று ஒருவர் கூறலாம். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. நீர் மிகுந்த ஊரில், காயப்பட்ட நிலத்தில், நீருக்கு ஓர் இடம் கொடுத்து அதன் அருகே மனிதனை அமரவைத்தனர். மாகானில் நீரில்லாக் குறையிலிருந்து பிறந்த அதே அறிவுதான் தைப்பிங்கில் நீர் மிகுதியிலிருந்து பிறந்திருக்கின்றது. வளைவையும் குவிமாடத்தையும் இரவல் வாங்கிய மாளிகையைவிட, ஒன்றும் இரவல் வாங்காத இப்பூங்கா பாரசீகத்திற்கு நெருங்கிய உறவு.

அங்கும் ஒரு கணக்கைத் தீர்க்காமல் விட்டுவிடுகின்றோம். அப்பள்ளங்களைத் தோண்டிய சீனத் தொழிலாளர் பெயரை ஏரி சொல்வதில்லை. நிரைகளை நட்ட தமிழர் பெயரை மரங்களும் சொன்னதில்லை. இன்று அம்மரங்களே பெரும்பாலும் இல்லை. செம்பனை வந்தது, வீடமைப்பு வந்தது. 1950களிலும் அறுபதுகளிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960 இல் கூட்டுறவுச் சங்கம் கண்டு, பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தொழிலாளரையே நில உடைமையாளர் ஆக்க முனைந்தார். அவ்வரலாற்றை நாம் பொருளியற் செய்தியாகவே கற்பிக்கின்றோம். நிலத்தின் வடிவத்தைப் பற்றிய நினைவும் அதனோடு அழிகின்றது என்பதை நாம் கருதுவதில்லை. எந்த நிரை எங்குத் தொடங்கியது, ஆலயம் எம்மேட்டில் நின்றது, லயத்திற்கு நீர் எவ்வழி வந்தது என்று சொல்லவல்லோர் முதியவராகிவிட்டனர்.

இவ்வெண்ணத்தால் ஒரு வகுப்பில் ‘பூங்காவில் ஒரு நாள்’ என்னும் தலைப்பைக் கைவிட்டு, வீட்டிலுள்ள முதியவர் ஒருவரைக் கேட்டு அவர் அறிந்த ஒரு தோட்டத்தைப் படமாக வரைந்து, அப்படத்திற்கு ஒரு பக்க விளக்கம் எழுதுமாறு கூறினேன். ‘தோட்டம்’ எனும் சொல்லை எவ்வாறு கொள்வது என்று மாணவர் கேட்டனர். நீங்களே முடிவு செய்யுங்கள் என்றேன். பலர் ரப்பர்க் காட்டை வரைந்தனர். சிலர் பூத்தொட்டிகளை வரைந்தனர். வழக்கமான தென்றலும் சில தாள்களில் தவழ்ந்தது.

ஒரு மாணவி மட்டும் ஒரு லயத்தின் கொல்லையை வரைந்திருந்தாள். பொதுக் குழாயடி, அதிலிருந்து ஒரு கோடு, கோட்டின் இருபுறமும் நான்கு வட்டங்கள். விளக்கத்தில் எழுதியிருந்தாள்: குழாயடியில் துணி துவைத்த நீரும் குளித்த நீரும் வீணாகச் சாக்கடைக்குப் போவதைப் பாட்டி பொறுக்கவில்லை. பால்வெட்டு முடிந்து வந்த பிற்பகலில் மண்வெட்டியின் மூலையால் ஒரு கோடு கிழித்து அந்நீரைத் தம் கொல்லைக்குத் திருப்பினார். முதல்முறை நீர் பாதி வழியில் நின்றுவிட்டது. மண்ணை வழித்துச் சரிசெய்தார். மறுநாள் முருங்கைக்கும் கறிவேப்பிலைக்கும் எட்டியது. மூன்றாம் நாள் செம்பருத்திக்கும் எட்டியது. நான்காவது வட்டம் என்ன செடி என்று அவள் எழுதவில்லை.

அழைத்துக் கேட்டேன். ‘அது செடி இல்லை, சார். பாட்டி உட்கார்ற கல்லு’ என்றாள்.